கை பட்ட மீன்

எங்கள் படகில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தூண்டிலில் மீன் மாட்டிவிட்டால் வேறு யாரும் அந்தத் தூண்டிலைத் தொடக்கூடாது. வலையை நீட்டலாம். வாயால் யோசனை சொல்லலாம், அதை எல்லோரும் தாராளமாகவே செய்வார்கள். ஆனால் இன்னொருவர் விரல் நுனி கம்பில் பட்டாலும் அது மாட்டியவருடைய மீன் இல்லை, பொது மீன். பொது மீனைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க முடியாது. வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. கரையேறியதும் குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட வேண்டியதுதான்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் அண்ணன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர்களை லோரியிலிருந்து இறக்கிவிட்டுப் போனவர் என்று தோட்டத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அவருக்கு யாருடைய உதவியும் ஆகாது. அதனால் உலகத்தில் யாருக்குமே ஆகாது என்று முடிவு செய்து சட்டமாகவும் போட்டுவிட்டார்.

அந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டவள் நான்தான். என் வாழ்நாளில் நான் பிடித்த ஆகப் பெரிய மீன் ஒரு ஜெனஹாக். செப்புக் குடம் போல மினுங்கிக்கொண்டு மேலே வந்தது. அந்த நேரம் பார்த்துப் படகு ஆடி என் கால் வழுக்கியது. அண்ணன் பதறிப்போய் என் தூண்டிலை எட்டிப் பிடித்தார். உடனே கையை எடுத்துவிட்டு, பொது மீன் என்று அவரே அறிவித்தார். பதறியதும் அவர், தீர்ப்புச் சொன்னதும் அவர். அன்றைக்கு வைத்த குழம்பை நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது. தொட்டேன்.

படகில் நாங்கள் நான்கு பேர். அண்ணன் ஒருவர். நான் ஒருத்தி. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த தவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை எனக்கு. வீட்டிலும் அதையே செய்கிறேன் என்று நாங்கள் குடியிருக்கும் தெமியாங்கில் என் கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஆள் கெமாஸ் ஊரிலிருந்து வருபவர், எங்களுக்குக் கெமாஸ்காரர். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். தூண்டிலைப் போடும் முன் சிலுவை போட்டுக்கொள்வார், மீன் தப்பித்துவிட்டால் அதற்கு நேர் எதிரான வார்த்தைகளைச் சொல்வார். நாலாவது, படகை ஓட்டும் தெக்கோங். போர்ட்டிக்சன் பக்கம் ஒரு சின்னத் துறையில் படகு வைத்திருக்கும் மலாய்க்காரர். நாங்கள் மாமா என்ற முறையில் பாச்சிக் என்று கூப்பிடுவோம். எங்களுக்குள் தமிழில் நடக்கும் சண்டை எதுவும் அவருக்குப் புரியாது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு எல்லாமே புரியும்.

படகில் கழிப்பறை கிடையாது. இதைப் பற்றி ஒரு பெண்ணாக நான் இவ்வளவுதான் சொல்வேன்.

மற்ற சட்டங்கள் எல்லாப் படகிலும் உள்ளவைதான். யாருக்காவது மீன் மாட்டினால் "ஸ்ட்ரைக்" என்று குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, சுற்றி மேலே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாருடைய தங்கூசியும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். உள்ளங்கை நீளம்கூட இல்லாத மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும். கெமாஸ்காரருக்கு மட்டும் இந்த விதி வந்ததிலிருந்து உள்ளங்கை சிறியதாகிவிட்டது. மிதவைச் சட்டையைக் கழற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படகில் வாழைப்பழம் ஏறக்கூடாது. ஏறினால் மீன் வராது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பாகுபாடு இல்லாமல் எல்லாத் தூண்டில்காரர்களும் ஒன்றாக நம்புகிற விஷயம் இந்த நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வருடம் அண்ணன் குளியலறையில் விழுந்தார். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அண்ணி முன்னறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவுக்கும் அண்ணி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் நாலு எட்டு இருக்கும். அண்ணனுக்கு வாய் நன்றாகவே இருந்தது, கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தானே எழுந்துவிடலாம் என்று ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். சீரியல் முடிந்து, அடுத்த சீரியலும் பாதி ஓடிய பிறகு, இவ்வளவு நேரமா குளிக்கிறார் என்று அண்ணிதான் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கை நன்றாகத் தேறியிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று அந்த டாக்டர் அண்ணனையே கேட்டார். கூப்பிட்டு என்ன செய்ய, அவளால் என்னைத் தூக்க முடியாதே என்றார் அண்ணன். அண்ணி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டிலோடு சேர்த்து அவரைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி செய்த முதல் வேலை தூண்டில்களை எல்லாம் சாமான் அறையில் வைத்துப் பூட்டியது. அண்ணன் சண்டை போடவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. கையில் வைத்து அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு, பூட்டிய அறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சோறு இறங்கவில்லை. மெலிந்துபோனார். ஒரு நாள் நான் போயிருந்தபோது, அண்ணி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போ. தனியா ஒரு மீனத் தூக்கிக் காட்டட்டும், அப்புறம் நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். முடியலன்னா எல்லாத்தையும் வித்துருவேன். ஏன்னு ஒனக்கே தெரியும். முடியலன்னா இந்த மனுசன் யாரையும் கூப்புட மாட்டாரு. சத்தமே போடாம கடலுக்குள்ள போயிருவாரு."

தனியாகத் தூக்கினாரா இல்லையா என்று நான்தான் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். கெமாஸ்காரர் பொய் சொல்லிவிடுவார், அண்ணன் சொல்வதை நம்ப முடியாது, எனக்குப் பொய் சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அண்ணியின் கணக்கு. நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அண்ணனோ இதைக் கேட்டதும் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தனியாகத்தானே, இவ்வளவுதானே என்றார்.

இவ்வளவுதான் இல்லை. அண்ணன் வலது கையால் கம்பைப் பிடித்து இடது கையால் ரீலைச் சுற்றிப் பழகியவர். இப்போது சுற்றும் கை போய்விட்டது. அதனால் ரீலின் கைப்பிடியைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார். சுற்றுவது வலது கை, கம்பைத் தாங்குவது இடது கை. தாங்கும் கைக்குப் பிடி இல்லாததால் அதைக் கம்போடு சேர்த்து ஒரு துணிப்பட்டையால் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. இடுப்பில் ஒரு பெல்ட், அதன் நடுவில் கம்பின் அடியைச் செருகிக்கொள்ள ஒரு கிண்ணம். துணிப்பட்டை சட்டப்படி செல்லுமா என்று அண்ணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. துணி மனுசன் இல்லை, அதனால் செல்லும் என்று கெமாஸ்காரர் தீர்ப்புச் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கரண்ட்டில் தானே சுற்றும் ரீல் ஒன்று வந்திருக்கிறது, ஒரு பட்டனை அமுக்கினால் போதும், வாங்கிக்கொள்ளலாமே என்றார். கரண்ட்டில் மீன் பிடிப்பதற்குப் பாசாரில் மீன் கடையிலேயே போய் வாங்கிவிடலாம் என்றார் அண்ணன். அதற்குப் பிறகு கெமாஸ்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை.

பயிற்சி எங்கே செய்வது? தோட்டத்துப் பந்துத் திடலில். அண்ணன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தங்கூசியின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிவிடுவார். நான்தான் மீன். ஐம்பதைத் தாண்டி, முட்டிவலியும் சர்க்கரையும் உள்ள நான் திடலின் குறுக்கே ஓட வேண்டும், அவர் என்னைச் சுற்றி இழுக்க வேண்டும். மீன் இப்படியா நேராக ஓடும், கொஞ்சம் பக்கவாட்டில் ஓடு என்று சத்தம் போடுவார். குலை வெட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் மிகவும் மரியாதையாக மலாயில், இது என்ன விளையாட்டு அக்கா என்று கேட்டார். மீன்பிடிப் போட்டி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் இன்னும் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் என்னைத் திடலின் நடுவரை இழுக்கக்கூட அவரால் முடியவில்லை. கடைசியில் கோல் கம்பம்வரை இழுத்துவிட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

போகிற அன்று காலையில் தோட்டத்து முனியாண்டி கோயிலில் காடியை நிறுத்தி இறங்கினோம். பூசாரி தூண்டில்களை வரிசையாகச் சாத்தி வைத்து, ஒவ்வொரு ரீலுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். சந்தனம் பல் சக்கரத்துக்குள் போனால் ரீல் சிக்கிக்கொள்ளும் என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். எல்லாம் முடிந்து பூசாரி பிரசாதத்தைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தார். ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. படகில் ஏற்றவும் முடியாது. தூக்கிப் போடுவது பாவம். அண்ணனுக்கும் எனக்கும் சர்க்கரை. கடைசியில் துறையில் படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கெமாஸ்காரரே முக்கால் சீப்பைத் தின்று தீர்த்தார். எங்கள் சாமி பிரசாதம் சாப்பிடலாமா என்று கேட்டேன். பசி என்று வந்தால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ பேசாமல் இன்னொன்று உரி தங்கச்சி என்றார். மீதியைப் பாச்சிக்கின் துறையில் இருந்த ஆட்டுக்குக் கொடுத்தோம். பாச்சிக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய்ப் பாறை இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டோம். இறாலைக் கோத்து இறக்கினோம். எதுவும் வரவில்லை. இடத்தை மாற்றினோம். கெமாஸ்காரருக்கு இரண்டு கெளுத்தி வந்தன. முள் குத்தினால் கை வீங்கும், சாப்பிடவும் ஆள் இல்லை, திரும்ப விட்டார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அண்ணன் தூண்டில் அசையவே இல்லை. அவர் தூண்டில் நுனியைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பாச்சிக் சந்தேகமாக எங்கள் பைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். அண்ணி கட்டிக் கொடுத்த நாசி லெமாக் சோற்றுக்கு அடியில், வாழையிலையில் மடித்து, மஞ்சள் நூல் கட்டி ஒரு பொட்டலம். பிரித்தேன். திருநீறு, குங்குமம், ஒரு வாழைப்பழம். அண்ணி தனியாக முந்தின நாள் சாயங்காலமே முனியாண்டிக்குப் போய் அண்ணன் பெயரில் அர்ச்சனை செய்து வாங்கி வந்திருக்கிறார். அவருக்குப் படகுச் சட்டம் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

கெமாஸ்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு, தன்னால் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். பாச்சிக்கிடம் நீட்டக்கூட இல்லை, அவர் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டார். அண்ணன் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருநீறை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, பழத்தை உரித்து, சர்க்கரையையும் பார்க்காமல் முழுதாகத் தின்றார். தோலைக் கடலில் போட்டார். என்னைப் பார்த்து, இதை அவளிடம் சொல்லாதே, வாங்கிவந்தது தப்பு என்று நினைத்து வருத்தப்படுவாள் என்றார். நான் வாழையிலையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பழம் போனதும் மீன் கொட்டியிருக்கும் என்று நினைப்பீர்கள். அதற்குப் பிறகும் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை.

பாச்சிக் இன்னொரு இடம் பார்க்கலாம் என்று எழுந்தபோதுதான் அண்ணன் கம்பு வளைந்தது. மெதுவாக, யாரோ கீழிருந்து கையை வைத்து அழுத்துவதுபோல வளைந்தது. "ஸ்ட்ரைக்" என்றார் அண்ணன், பாசாரில் விலை சொல்லும் குரலில். நானும் கெமாஸ்காரரும் எங்கள் தங்கூசியைச் சுற்றி எடுத்தோம். பாச்சிக் பார்த்த உடனே பாரி என்றார். திருக்கை. பெரிய திருக்கை மாட்டினால் ஓடாது. அடியில் போய் மணலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சிமெண்ட் மூட்டையைத் தூக்குவதும் அதைத் தூக்குவதும் ஒன்று. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும்.

அண்ணன் நன்றாகத்தான் செய்தார். கம்பின் அடியைக் கிண்ணத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துத் தூக்கி, இறங்கும்போது சுற்றினார். தூக்கினார், சுற்றினார். பாச்சிக் நங்கூரத்தை எடுத்துவிட்டுப் படகை மீனுக்கு நேர் மேலே கொண்டுவந்து வைத்துக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டாமல் இருந்தால் கை தானாகப் போய்விடும் என்று பயம். கெமாஸ்காரர் ஜெபமாலையை எடுத்துவிட்டார். மீன் அடியிலிருந்து கிளம்பிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணன் முகத்தில் பழைய லோரிக்காரனின் திமிர் வந்தது. அதைப் பார்க்க எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அப்போது துணிப்பட்டை நழுவியது. வேர்வையும் கடல் தண்ணீரும் சேர்ந்து நனைந்துபோயிருந்தது. இடது கை கம்பைவிட்டுத் தொங்கியது. கம்பின் நுனி தண்ணீருக்குள் போனது. ரீல் கிரீச்சென்று கத்திக்கொண்டு தங்கூசியை விட்டது. அண்ணன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகின் விளிம்பில் மோதி நின்றார். இடது கால் மடங்கியது. நெஞ்சுவரை விளிம்புக்கு வெளியே போய்விட்டார்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பில் கை பட்டால் முடிந்தது, இன்றோடு அவருக்குக் கடல் இல்லை, நானே போய் அண்ணியிடம் சொல்ல வேண்டும். தொடாமல் நின்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆளே இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்ட வாயை, ஈரத் தரையில் கிடந்தும் திறக்காத அந்த வாயை மனதுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். கெமாஸ்காரர் ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டார். பாச்சிக் என்ஜினை அணைத்தார்.

அண்ணன் தலையைத் தூக்காமலே பேசினார்.

"எரும. பாத்துக்கிட்டே நிக்கிறியே. வந்து புடி."

நான் கம்பையா, உங்களையா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அப்படித்தான் வந்தது.

"ரெண்டையும் புடி."

பிடித்தேன். ஒரு கையால் அவருடைய பெல்ட்டை, ஒரு கையால் கம்பை. கெமாஸ்காரர் என்னைப் பிடித்தார். அவரைப் பாச்சிக் பிடித்தார். பிறகு அண்ணன் சுற்ற, நான் தூக்க, மற்ற இருவரும் எங்களைக் கடலில் விழாமல் பார்த்துக்கொள்ள, அந்தத் திருக்கை மேலே வந்தது. சாப்பாட்டு மேசை அகலம் இருந்தது. பாச்சிக் வாலில் இருந்த முள்ளை வெட்டி எறிந்தார். யாரும் கைதட்டவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை.

"பொது மீன்" என்றார் அண்ணன்.

கரைக்குத் திரும்பும்போது கெமாஸ்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பட்டை நழுவியது விபத்துதானே, கரையில் யாருக்குத் தெரியப்போகிறது, நீ தொடவில்லை என்று சொல்லிவிடு தங்கச்சி என்றார். அண்ணன் காதில் விழுந்துவிட்டது. கேட்டால் உள்ளதைச் சொல் என்றார் என்னிடம். பிறகு தன்னுடைய பெட்டியைத் திறந்து, ஈயக்குண்டு, தூண்டில் முள், சுழலி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, இதெல்லாம் இனி உங்களுக்குத்தான் என்று கெமாஸ்காரரிடம் நீட்டினார். கெமாஸ்காரர் வாங்கவில்லை. எனக்கு இடுப்பு வலி, கனமானது எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பாச்சிக் வழக்கத்தைவிட மெதுவாகவே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் அரிவாள்மனையைப் போட்டு, மஞ்சளும் புளியும் எடுத்துவைத்து அண்ணி தயாராக இருந்தார். மீனைப் பார்த்துக் கண் விரிந்தது. அண்ணன் நேராகக் குழாயடிக்குப் போய்த் தூண்டில்களைக் கழுவ ஆரம்பித்தார். கடலிலிருந்து வந்தால் மனிதர்களுக்கு முன்னால் தூண்டில் குளிக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். விற்கப்போகிற தூண்டிலையும் உப்போடு விற்க அவருக்கு மனம் வராது. வலது கையில் ரப்பர் குழாயைப் பிடித்தால் கம்பைப் பிடிக்கக் கை இல்லை. கம்பை எடுத்தால் குழாய் தரையில் துள்ளியது. அப்படியே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்.

"தனியாத் தூக்குனாரா?" என்று அண்ணி என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். அந்த முகத்தில் ஜெயித்த சந்தோசம் கொஞ்சமும் இல்லை. பிடி நழுவியதையும், அண்ணன் விளிம்புக்கு வெளியே தொங்கியதையும் சொன்னேன். என் முகம் பொய் சொல்லாது, அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவேளை நீ பார்த்து ஓடிப்போய்ப் பிடித்தாய் என்றார் அண்ணி.

"நான் எங்க ஓடுனேன் அண்ணி? நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். அவருதான் கூப்புட்டாரு."

அண்ணி கையிலிருந்த புளியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"யாரு கூப்புட்டா?"

"அண்ணன்தான்."

"என்னன்னு கூப்புட்டாரு?"

"எருமன்னு."

அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து குழாயடிக்குப் போனார். அண்ணனுக்குப் பின்னால் நின்றார். அண்ணன் திரும்பவில்லை. திரும்பாமலே, தூண்டிலை விற்பதென்றால் கெமாஸ்காரருக்கே கொடுத்துவிடு, அவர் ஒழுங்காக வைத்திருப்பார் என்றார். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே இல்லை. குரல் உடைந்துதான் வந்தது.

"கடல்ல தங்கச்சியக் கூப்புடத் தெரியுது. வீட்டுல நாலு எட்டுல நான் ஒக்காந்திருந்தேன். என்னக் கூப்புடத் தெரியலையா ஒங்களுக்கு?"

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. இத்தனை மாதமும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. மீனை நறுக்குவதுபோல அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

குழாய் அண்ணன் கையிலிருந்து நழுவித் தரையில் துள்ளி இரண்டு பேரையும் நனைத்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், எட்டவில்லை. அப்படியே குனிந்த நிலையில் நின்றார்.

"இந்தா, இந்தப் பைப்ப கொஞ்சம் புடி" என்றார். "ஒத்தக் கையால முடியல."

அண்ணி முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு குழாயை எடுத்துப் பிடித்தார். அண்ணன் தூண்டிலை நீட்டினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்த ரீலுக்குள்ள இன்னும் உப்பு இருக்கு பாருங்க, நல்லாக் கழுவுங்க" என்றார் அண்ணி. "மறுபடி எடுத்துக்கிட்டுப் போவணும்ல."